உண்ணிச்செடியை மீண்டும் தழைக்காதபடி அகற்றுவது எப்படி?

வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட உண்ணிச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாகக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்து, இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளிலும் அவற்றை ஒட்டிய விளைநிலங்களிலும் புதராக மண்டிக் கிடக்கிறது. ஒரே கொத்தில் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் செம்மஞ்சளோ இளஞ்சிவப்போ கலந்த பூக்களையும், கசக்கினால் காட்டமாக வீசும் சொரசொரப்பான இலைகளையும் கொண்டு இதனை எளிதில் அடையாளம் காணலாம்.

அரிவாளால் வெட்டுவதும் தீ வைப்பதும் வீண் வேலை. அடிக்கட்டை முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்த்துவிடும். தண்டும் வேரும் சேரும் இடத்தில்தான் துளிர்க்கும் திறன் இருக்கிறது என்பதைக் கருத்தில் கொண்டு, டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவருடைய குழுவினரும் வகுத்த முறையே நம்பத்தக்கது. முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணிந்து, அடித்தண்டைச் சுற்றிய மண்ணை விலக்கி, தரைமட்டத்துக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே ஆணிவேரைக் குந்தாலியால் வெட்ட வேண்டும். பிறகு புதரை அப்படியே தூக்கி, வேர்ப்பகுதி வானத்தைப் பார்க்கும்படி தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். ஈர மண்ணில் கிடைமட்டமாகக் கிடக்கும் தண்டு கணுக்களில் வேர்விட்டுப் பிழைத்துக்கொள்ளும்.

முதல் மழையில் மண் இளகிய பின்னரும், பச்சைக் காய்கள் கறுத்துப் பழுக்கும் முன்னரும் இந்த வேலையை முடிப்பது நல்லது. பழங்களைத் தின்னும் கொண்டைக்குருவிகளும் மைனாக்களும் எச்சத்தின் வழியே விதைகளைப் பரப்புவதால், அவை வந்தமரும் மரங்களின் அடியில் அடுத்த சில மழைக்காலங்களுக்கு முளைக்கும் நாற்றுகளைத் தேடி வேரோடு பிடுங்க வேண்டும். பலரும் அலட்சியப்படுத்துவது இந்தக் கட்டத்தைத்தான்.

வெட்டிய தழையைக் கால்நடைகளுக்குப் போடவே கூடாது. அதிலுள்ள நஞ்சு கல்லீரலைத் தாக்கி, வெயில் பட்ட தோலைப் புண்ணாக்கும். முற்றிய தண்டுகளோ வீணாக வேண்டியதில்லை: கூடலூர்ப் பகுதியில் பழங்குடிக் கைவினைஞர்கள் அவற்றைக் கொண்டு ஆளுயர யானை உருவங்களையே செய்கிறார்கள். வெறுமையான நிலத்தில் உடனே கொழுக்கட்டைப்புல் போன்ற உள்ளூர்ப் புல் விதைகளைத் தூவி, புல் பிடிக்கும்வரை மேய்ச்சலைத் தடுத்து வைக்க வேண்டும்.