‘மெஷின் வந்துடும்க்கா’ என்று சொல்லிவிடாதீர்கள்

இந்த ஜூனில் மும்பையில் எங்கள் தொண்டு நிறுவனத்தில் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒருத்தி தூத்துக்குடிப் பக்கத்தில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணியில் முதுகலை) முடித்தவள், இன்னொருவன் சயானிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் தெரியும் என்பதால் இருவரையும் தாராவிக்குப் போட்டார்கள். மூன்றாவது வாரமே அந்தப் பெண் தையல் வகுப்பில், “அடுத்த பேட்ச்சும் கண்டிப்பா உண்டுக்கா, நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்ட எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவள் வயதில் நானும் இதே தாராவியில் இப்படித்தான் வாக்குக் கொடுத்தேன்.

புதிதாகக் களப்பணிக்கு வருகிறவர்கள் செய்யும் தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் பில்லைத் தொலைக்காதீர்கள், ரிப்போர்ட்டைக் கடைசி நாள்வரை தள்ளிப் போடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை திட்டு வாங்கினால் அவை தானாகச் சரியாகிவிடும்.

கையில் இல்லாத பணத்தை நம்பி வாக்குக் கொடுப்பது

2017 பொங்கல். 90 அடி ரோட்டில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைத்திருந்தார்கள். எங்கள் வகுப்பின் 18 பெண்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். ஓர் அக்கா பானையைக் கிண்டிக்கொண்டே கேட்டார்: “ஏம்மா, படிச்சு முடிச்சா மெஷின் தருவீங்கன்னு சொல்லுதாங்களே, நிசந்தானா?”

“ஏப்ரலுக்கு அப்புறம் வந்துடும்க்கா” என்றேன்.

பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. அடுத்த வருடத்துக்கு நாங்கள் அனுப்பியிருந்த திட்டத்தில் 18 தையல் மெஷின்கள் இருந்தன. பணம் தரும் கம்பெனியின் சி.எஸ்.ஆர். (சமூகப் பணிக்கான நிதி) அதிகாரி போனில் “பாசிட்டிவாத்தான் இருக்கு” என்று சொல்லியிருந்தார். ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லை. நடந்துகொண்டிருந்த ஒப்பந்தம் மார்ச் 31-ஓடு முடிகிறது. அதிலும் ஆசிரியை சம்பளம், துணி, வாடகை, இவ்வளவுதான். அந்த ஒப்பந்தத்தை நான் ஒருநாளும் முழுசாகப் படித்ததில்லை.

ஏப்ரலில் கம்பெனி அந்தப் பணத்தைப் பள்ளிக் கழிப்பறைகளுக்குத் திருப்பிவிட்டது. அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த கம்பெனிகள், முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தப் பணிக்கு என்பதற்கு ஒப்புதல் தருவது அவர்களுடைய இயக்குநர் குழு. லாபம் குறைந்தால் தொகையும் குறையும். பல வருடம் நடக்கும் திட்டங்களுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் நான் பார்த்தவரை, எங்களைப் போன்ற சின்ன அமைப்புகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வருட ஒப்பந்தம்தான்.

அந்த அக்கா மாட்டுங்காவில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை பார்த்துவந்தார். மெஷின் போட இடம் வேண்டும் என்று மகளிர் குழுவில் கடன் வாங்கி, ஒரு சின்ன அறைக்கு டெபாசிட் கொடுத்திருக்கிறார். ஒரு வீட்டு வேலையையும் விட்டுவிட்டார். எனக்கு இது மே மாதம்தான் தெரிந்தது. டெபாசிட்டில் பாதிதான் திரும்பி வந்தது. கடனை முழுசாகக் கட்டினார். எங்கள் பட்ஜெட்டில் அதற்கு ஈடு செய்ய எந்தத் தலைப்பும் கிடையாது. “நீ நம்ம ஊர்ப் பிள்ளைன்னுதாம்மா நம்புனேன்” என்று சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை.

தமிழ் தெரிந்து இங்கே வேலைக்கு வருகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஆபீஸர் ஒருவர் வந்து இந்தியில் சொல்லிவிட்டுப் போனால் ‘பார்ப்போம்’ என்று எடுத்துக்கொள்வார்கள். அதையே நீங்கள் அவர்கள் வீட்டுத் தமிழில் சொன்னால், நடந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். திட்டத்தின் பெயரெல்லாம் அவர்கள் மனதில் நிற்காது. சொன்னது யார் என்பது நிற்கும்.

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது வேறொன்றில். மெஷின் வரும் என்ற பேச்சு பரவினால் வகுப்பில் வருகை கூடும். வருகை கூடினால் காலாண்டு ரிப்போர்ட் அழகாக இருக்கும். அதனால் மேலே இருப்பவர்கள் இதைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள். கடைசியில் அந்தச் சந்தில் போய் நிற்க வேண்டியவர் நீங்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எந்தத் தேதியோடு முடிகிறது, பட்ஜெட்டில் எதற்கெல்லாம் பணம் இருக்கிறது, முடிந்த பிறகு மெஷினும் மேசையும் யாருக்குப் போகும் என்று பாருங்கள். மக்களிடம் பேசும்போது, “மார்ச் 31 வரை வகுப்பு உண்டு. மெஷின் இதில் இல்லை. லெட்டர் வந்தால் நானே வந்து சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். நாங்கள் இப்போது முடியும் தேதியைத் தமிழ், இந்தி, மராத்தி மூன்றிலும் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டிவிடுகிறோம். நாலைந்து பேர் வராமல் போகலாம், போகட்டும். “இப்பவே சொல்லி ஏன் கலைக்கிறே?” என்று மேலாளர் கேட்டால், மெஷின் உறுதி என்று ஒரு மெயில் போடச் சொல்லுங்கள். அந்த மெயில் எனக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

உங்கள் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று கேட்காமல் விடுவது

கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சம் வேண்டாம். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு இருந்த உச்சவரம்பு 50 சதவீதம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தம் அதை 20 ஆகக் குறைத்தது. அந்தப் பணத்தை நம்பியிருந்த அலுவலகங்களில் கணக்கு எழுதவும் ஃபைல் பார்க்கவும் ஆள் குறைந்தார்கள், அந்த வேலை களப்பணியாளர் தலையில் விழுந்தது. உங்கள் மேலாளர் கொடுமைக்காரர் என்பதால் இது நடக்கவில்லை. ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள் கணக்கு எழுதிக்கொண்டே மாதம் 60 வீடுகளுக்குப் போக முடியாது. இலக்கைக் குறைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

வேலைக் கடிதத்தில் ‘கன்சல்டன்ட்’ என்று இருந்தால் நிதானமாகப் படியுங்கள். வழக்கமாக 10 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டிக்கான (பணிக்கொடை) வருடங்களும் ஓடாது. அலுவலகத்துக்குத் தினமும் போய் வந்து, லீவுக்கும் அனுமதி கேட்டுக்கொண்டு ஆறு வருடம் இப்படியே ஓட்டியவர்களை எனக்குத் தெரியும்.

சொந்தக் கைக்காசு

போடாதீர்கள். நூறு ரூபாய்கூட.

‘நாம எல்லாரும் ஒரு குடும்பம்’

இந்த வார்த்தையைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் அலுவலகத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும் என்பது 2013-லிருந்து சட்டம். நல்ல காரியம் செய்கிற இடம் என்பதற்காக அதிலிருந்து விலக்கு இல்லை. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று சேர்ந்த அன்றே கேளுங்கள்.

போட்டோ

முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

சரி, அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் ஒப்பந்தத்தை அவள் கையில் கொடுத்தேன். சயான் ஸ்டேஷன்வரை நடக்கும்போது எதுவும் பேசாமல் வந்தாள். வியாழக்கிழமை தனியாகவே வகுப்புக்குப் போய், தான் சொன்னது தப்பு, அடுத்த பேட்ச்சுக்கு இன்னும் பணம் வரவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறாள். இரண்டு பேர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்களாம். ஒரு பாட்டி மட்டும், “அப்போ மார்ச்சுக்குள்ள காஜா (பட்டன் துளை) எடுக்கச் சொல்லிக் குடுத்துருங்க” என்றாராம். இந்த வாரம் பாடத்திட்டத்தை மாற்றி, காஜாவை முன்னால் கொண்டுவந்திருக்கிறோம்.