படிப்பும் மைதானமும்: கல்லூரி விளையாட்டு வீரர்கள் போடும் தப்புக்கணக்குகள்

கல்லூரி அணியில் இடம் கிடைத்ததும் பலரும் முதலில் உட்கார்ந்து ஒரு அட்டவணை போடுவார்கள். காலையில் வகுப்பு, மாலையில் பயிற்சி, இரவு 8 முதல் 11 வரை படிப்பு. தாளில் எல்லாம் அழகாகப் பொருந்திவிடும். சில வாரங்களிலேயே அது குலைந்துபோகும். நேரம் போதவில்லை என்றுதான் எல்லோரும் காரணம் சொல்வார்கள். பல சமயம் நேரம் இருந்தது. அந்த நேரத்தில் படிக்கிற நிலையில்தான் ஆள் இல்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் களைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதிலிருந்துதான் மற்ற தவறுகளில் பாதி பிறக்கின்றன.

பயிற்சி நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாலை 4 முதல் 6 வரை என்றால் 2 மணி நேரம் என்று எழுதிவிடுகிறோம். உடை மாற்றுவது, கணுக்காலுக்குக் கட்டுப் போடுவது, வார்ம்-அப், முடிந்தபின் ஸ்ட்ரெச்சிங், ஐஸ், குளியல், சாப்பாடு எல்லாம் முடிந்து புத்தகத்தைத் திறக்கும்போது மணி 8 ஆகியிருக்கும். விதிகள் கூட இந்த இடத்தில் ஏமாற்றும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் பெரிய பிரிவில், சீசன் நடக்கும்போது விளையாட்டுக்கான கட்டாய நேரம் நாளுக்கு 4 மணி, வாரத்துக்கு 20 மணி என்று வரம்பு உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் போட்டி நடக்கும் நாள் எவ்வளவு நீண்டாலும் அந்தக் கணக்கில் 3 மணி நேரம்தான். பயணம் சேராது, காயத்துக்கான சிகிச்சையும் சேராது. அதனால்தான் அந்தப் பிரிவு வீரர்களைக் கேட்டால், விளையாட்டுக்கு வாரம் 30 மணி நேரத்துக்கு மேல் போகிறது என்கிறார்கள். உங்கள் கல்லூரியில் எந்த விதி இருந்தாலும் சரி, அறையை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி வந்து நாற்காலியில் உட்காரும் வரை எவ்வளவு ஆகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். அட்டவணையை அதற்கப்புறம் போடலாம்.

அடுத்தது, கடினமான பாடத்தை இரவுக்குத் தள்ளுவது. இரவு 10 மணிக்கு ஒரே நிரூபணத்தை நான்காவது முறை வாசித்துக்கொண்டிருப்பவர் படிக்கவில்லை, விழித்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே கிடைக்கும் முக்கால் மணி நேரத்தை யாரும் மதிப்பதில்லை. கணக்கு, இயற்பியல் மாதிரி தலை தெளிவாக இருக்க வேண்டியவற்றுக்கு அதுதான் சரியான இடம். லேப் ரெக்கார்டு எழுதுவது, அசைன்மென்டுக்கு அட்டை போடுவது, மறுநாள் பையைத் தயார் செய்வது போன்றவற்றை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

தூக்கத்தில் கைவைப்பது இதன் தொடர்ச்சிதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரை, சில வாரங்களுக்கு இரவில் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொல்லிப் பார்த்த ஆய்வு ஒன்று 2011-ல் வந்தது. ஓட்டம் வேகமானது, ஃப்ரீ த்ரோ (எதிரணி தடுக்காமல் கூடையை நோக்கிப் பந்து வீசுவது) துல்லியம் 9 சதவீதம் கூடியது. சின்ன ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பகலில் படித்தது நினைவில் ஊன்றுவதற்கும் தூக்கம் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. தூக்கத்தைக் குறைத்தால் மைதானம், வகுப்பு இரண்டிலும் நஷ்டம். களைப்பைச் சமாளிக்க மாலை 6 மணிக்குக் குடிக்கும் காபியும் உதவாது. உடலில் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். அதாவது 11 மணிக்குப் படுக்கும்போதும் பாதி கோப்பை உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்.

தேர்வு வாரத்தில் பயிற்சியை வழக்கம்போலவே நடத்துவது வீரரும் கோச்சும் சேர்ந்து செய்யும் தவறு. மன அழுத்தத்தையும் உடல் அழுத்தத்தையும் உடம்பு தனித்தனிக் கணக்கில் எழுதுவதில்லை. மிசூரி பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வீரர்களை ஒரு சீசன் முழுக்கக் கவனித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், படிப்பு நெருக்கடி அதிகமான வாரங்களில் காயங்களும் கூடியிருந்தன. கோச்சுக்குப் பிடிக்கிற வாதமும் இதில் இருக்கிறது: தேர்வு வாரத்தில் சுமையைக் குறைத்தால் ஆளைக் காயமில்லாமல் வைத்திருக்கலாம். ஆனால் தேர்வு எப்போது என்று அவருக்குத் தெரிந்தால்தானே? போட்டி அட்டவணை ஆசிரியரிடம் போகாததைப் போலவே, தேர்வு அட்டவணை கோச்சிடம் போவதில்லை. செமஸ்டர் தொடங்கிய முதல் வாரத்திலேயே இரண்டையும் ஒரே காலண்டரில் எழுதிப் பாருங்கள். எங்கே முட்டிக்கொள்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஆசிரியர்களிடம் பேசுவதிலும் நேரம்தான் முக்கியம். “சார், நாளைக்கு மேட்ச், தேர்வு எழுத முடியாது” என்று முந்தின நாள் நிற்பவரையும், முதல் வாரத்திலேயே வெளியூர்ப் போட்டித் தேதிகளைக் கொடுத்து, “இந்த இரண்டு லேபையும் முன்னாடியே முடித்துவிடலாமா சார்?” என்று கேட்பவரையும் ஆசிரியர் ஒரே மாதிரி நடத்தமாட்டார். முன்னவர் சலுகை கேட்கிறார், பின்னவர் வழி கேட்கிறார். பேசி முடித்ததை இமெயிலிலும் அனுப்பிவையுங்கள். செமஸ்டர் கடைசியில் யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது. உங்களுக்காக கோச் வந்து பேசட்டும் என்று விட்டால், பல ஆசிரியர்கள் அதைச் சிபாரிசு என்றே எடுத்துக்கொள்வார்கள்.

“சீசன் முடியட்டும், மொத்தமாகப் படித்துக்கொள்ளலாம்” என்பதும் அடிக்கடி காதில் விழும். விட்டுவிட்டுப் படிப்பது நினைவில் நிற்கும், ஒரேயடியாகத் திணிப்பது நிற்காது என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே எழுதிவிட்டார். தினமும் 20 நிமிடம், பழைய பாடத்தைப் புத்தகம் பார்க்காமல் சொல்லிப் பார்த்தாலே போதும். பஸ் பயணத்துக்கு ஏற்றதும் அதுதான். ஓடும் பஸ்ஸில் தடிமனான புத்தகத்தைத் திறந்தால் பலருக்குத் தலைதான் சுற்றும்.

பயிற்சிக்கு இடைஞ்சல் இல்லாத பாடமாகப் பார்த்து எடுப்பதில் உடனடியாக எந்த வலியும் தெரியாது. மூன்றாம் ஆண்டில், பட்டத்துக்குத் தேவையான லேப் பாடங்கள் எல்லாம் மொத்தமாக வந்து நிற்கும்போதுதான் தெரியும். கல்லூரியோடு விளையாட்டை நிறுத்திவிடுகிறவர்கள்தான் மிகப் பெரும்பாலோர். அதனால் பட்டத்தைப் பயிற்சி நேரத்துக்கு ஏற்ப வெட்டித் தைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு மைலை முதன்முதலில் 4 நிமிடத்துக்குள் ஓடிய பிரிட்டன் வீரர் ரோஜர் பானிஸ்டரை உதாரணம் காட்டுவார்கள். மருத்துவ மாணவராக இருந்துகொண்டே 1954 மே 6 அன்று ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடியவர். உண்மைதான். ஆனால் அவர் மதிய இடைவேளையில் கிடைத்த சொற்ப நேரத்தில் பயிற்சி செய்தவர். வாராவாரம் அணியோடு ஊர் ஊராகப் போய் விளையாடுபவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

கடைசியாக, காயம். விளையாட முடியாத மாதத்தில் படிப்பு செழிக்கும் என்று நினைப்போம். பெரும்பாலும் நடப்பது வேறு. நாளைத் தாங்கிப் பிடித்த ஒழுங்கு போய்விடுகிறது, மனமும் சோர்ந்துவிடுகிறது. பழைய பயிற்சி நேரத்திலேயே நூலகத்தில் போய் உட்காருவது ஓரளவு உதவும். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்றால் விஷயமே வேறு. முதல் ஓரிரு நாள் ஓய்வு, அந்த நாட்களில் செல்போன், கணினித் திரையைக் குறைப்பது, அப்புறம் படிப்புக்குப் படிப்படியாகத் திரும்புவது. முழுப் பாடச்சுமையையும் சிரமமில்லாமல் தாங்க முடிந்தபிறகே முழு அளவிலான ஆட்டம். பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, வகுப்பில் தலைவலி என்று படுத்துக்கொண்டு மாலையில் மைதானத்தில் நிற்கிறார்கள். வகுப்பில் வரும் தலைவலியை மருத்துவரிடம் சொல்லுங்கள். மறைத்துவிட்டு ஆடி இன்னொரு அடி வாங்கினால், அது முதல் அடியைவிட ஆபத்தாக முடியலாம்.