அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்: டிராஃப்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால், 1999இல் அறிமுகமாகி இன்றுவரை புதிய பதிப்புகளாக வந்துகொண்டிருக்கும் மேலாண்மை விளையாட்டு. இதில் பந்தை வீசுவதும் அடிப்பதும் நம் வேலை அல்ல. ஓர் அணியின் பொது மேலாளராக இருந்து, யாரை எடுப்பது, யாரை விடுவது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்வதே வேலை. அவற்றுள் மிகக் கடினமானது ஆண்டுக்கொரு முறை நடக்கும் டிராஃப்ட். உயர்நிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆடும், தொழில்முறை அனுபவமே இல்லாத இளைஞர்களை அணிகள் ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது தேர்ந்தெடுக்கின்றன. இன்று எடுக்கும் 18 வயது இளைஞர் பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்குக்குத் தேறுவாரா என்பது தெரிய, விளையாட்டின் நாட்காட்டிப்படி நான்கைந்து ஆண்டுகள் ஆகலாம். விளைவு அவ்வளவு தாமதமாக வருவதால் எந்த முடிவு பிழையானது என்பதே பலருக்குப் பிடிபடுவதில்லை. அதே பிழை ஆண்டுதோறும் தொடர்கிறது.

எல்லாவற்றுக்கும் மூலமான தவறு, திரையில் நட்சத்திரங்களாகத் தெரியும் எதிர்காலத் திறன் மதிப்பெண்ணை உண்மை என்று எடுத்துக்கொள்வது. அது உண்மையல்ல, உங்கள் ஸ்கவுட்டின், அதாவது வீரர்களைப் பார்த்து எடைபோடும் பணியாளரின், மதிப்பீடு. ஒவ்வொரு வீரருக்கும் விளையாட்டின் உள்ளே ஓர் உண்மையான திறன் இருக்கிறது. ஸ்கவுட்டிங் வசதியை அணைத்து வைத்தால் ஒழிய அது நம் கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்ப்பது ஸ்கவுட்டின் திறமை, அவருக்கு ஒதுக்கப்பட்ட நிதி, அவருடைய சாய்வு ஆகியவற்றின் வழியாக வடிகட்டி வந்த எண். சில ஸ்கவுட்டுகள் உடல்வாகு, வேகம், கையின் வலு போன்ற இயற்கை ஆற்றலுக்குக் கூடுதல் மதிப்பளிப்பார்கள். வேறு சிலர் இப்போது ஆடும் ஆட்டத்துக்கு மதிப்பளிப்பார்கள். இந்தச் சாய்வு ஸ்கவுட்டின் விவரப் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதைப் படிக்காமல் ஐந்து நட்சத்திரத்தைப் பார்த்தவுடன் பெயரை அழுத்திவிடுகிறவர்களே அதிகம். ஸ்கவுட்டைப் பணியமர்த்தும்போது மேஜர் லீக் வீரர்களை அவர் எவ்வளவு நன்றாக எடைபோடுகிறார் என்பதை மட்டும் பார்த்துவிட்டு, பள்ளி, கல்லூரி அளவிலான அமெச்சூர் வீரர்களை எடைபோடும் திறனைத் தனியே கவனிக்காமல் விடுவதும், ஸ்கவுட்டிங் நிதியைப் பிரிக்கும்போது அமெச்சூர் பிரிவுக்கு மிச்சம் மீதியைத் தள்ளுவதும் இதே தவறின் கிளைகள்.

இதைச் சமாளிக்க விளையாட்டே ஒரு வழி தருகிறது. உங்கள் ஸ்கவுட்டின் அறிக்கையோடு, எந்த அணியையும் சாராத ஓஎஸ்ஏ என்ற மதிப்பீடும் கிடைக்கும். இரண்டும் ஒரே வீரரை உயர்த்திச் சொன்னால் அந்தத் தேர்வில் ஆபத்து குறைவு. உங்கள் ஸ்கவுட் மட்டும் உயர்வாகச் சொல்லி ஓஎஸ்ஏ சாதாரணமாகச் சொன்னால், அவரை முதல் சுற்றில் எடுப்பதைவிட, கீழே வரும்வரை காத்திருந்து எடுப்பது நல்லது. அறிக்கையின் துல்லியம் குறைவு என்று குறிப்பிட்டிருக்கும் வீரர்களைப் பற்றி டிராஃப்டுக்கு முன்பே மீண்டும் அறிக்கை கேட்பதற்குச் சில நாட்கள்தான் செலவாகும். முதல் சுற்றுக்கு நீங்கள் எண்ணி வைத்திருக்கும் நாலைந்து பெயர்களுக்காவது இதைச் செய்யாமல் டிராஃப்ட் அறைக்குள் நுழையக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது, நட்சத்திரங்களுக்குக் கீழே இருக்கும் தனித்தனித் திறன் மதிப்பெண்களைப் பிரித்துப் பார்க்காதது. சம எண்ணிக்கையில் நட்சத்திரம் பெற்ற இரண்டு பிட்சர்கள் (பந்தை வீசுபவர்கள்) ஒன்றல்லர். ஸ்டஃப் (பேட்டரைத் தவறவைக்கும் ஆற்றல்), மூவ்மென்ட் (பந்தின் வளைவு), கன்ட்ரோல் (குறி தவறாமை) மூன்றும் ஓரளவு நன்றாகவும், நம்பத்தக்க மூன்று வகைப் பந்துகளும் போதுமான ஸ்டாமினாவும் இருக்கிற ஒருவர் தொடக்கப் பிட்சராக வளரலாம். மிரட்டும் வேகத்தோடு இரண்டே வகைப் பந்துகளை வைத்திருப்பவர் பெரும்பாலும் கடைசி இன்னிங்ஸ்களில் மட்டும் வந்து வீசும் ரிலீவராகத்தான் முடிவார். முதல் சுற்று வாய்ப்பை ரிலீவர் ஒருவருக்குக் கொடுப்பது பெரும் இழப்பு. பேட்டர்களிலும் அப்படியே. ஷார்ட்ஸ்டாப், சென்டர் ஃபீல்ட் போன்ற கடினமான தடுப்பு இடங்களில் நன்றாக ஆடுபவர், பேட்டிங்கில் எதிர்பார்த்த அளவு வளராவிட்டாலும் வேறோர் இடத்தில் பயன்படுவார். தடுப்பு எளிதான முதல் பேஸில் மட்டுமே நிற்கக்கூடியவரின் பேட்டிங் தவறினால் அவருக்கு வேறு புகலிடம் இல்லை.

அணியின் இன்றைய குறையை நிரப்ப டிராஃப்டைப் பயன்படுத்துவதும் பழைய தவறுதான், அசல் பேஸ்பாலிலும் நடந்ததுதான். மேஜர் லீக் டிராஃப்ட் தொடங்கியது 1965இல். அதற்கு அடுத்த ஆண்டே நியூயார்க் மெட்ஸ் அணி முதலிடத்தில் ஸ்டீவ் சில்காட் என்ற கேட்சரை (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) எடுத்தது. இரண்டாம் இடத்தில் இருந்த கான்சஸ் சிட்டி அத்லெடிக்ஸ் ரெஜி ஜாக்சனை எடுத்தது. ஜாக்சன் பேஸ்பாலின் புகழ்க்கூடமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். சில்காட் மேஜர் லீக்கில் ஒரு போட்டிகூட ஆடவில்லை. நீங்கள் எடுக்கும் கேட்சர் தயாராகும்போது உங்கள் அணியின் தேவை முற்றிலும் மாறியிருக்கும். இன்றைய ஓட்டையை வர்த்தகத்தாலும் ஒப்பந்தத்தாலும் அடைத்துக்கொள்ளுங்கள்; டிராஃப்டில் கிடைக்கும் மிகச் சிறந்த வீரரை எடுங்கள்.

உயர்நிலைப் பள்ளிப் பிட்சர்கள் மீதான மோகம் தனியே எச்சரிக்க வேண்டிய ஒன்று. அவர்களின் எதிர்கால மதிப்பெண் கண்ணைப் பறிக்கும். இன்றைய மதிப்பெண்ணுக்கும் அதற்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரியது, அந்தத் தூரத்தைக் கடக்கும் ஆண்டுகளில் காயமோ திறன் சரிவோ வருவதற்கு நிறைய இடம் இருக்கிறது. அசல் அணிகள் இதை அறிந்தே நடந்திருக்கின்றன. 1965 முதல் 2025 வரை முதலிடத்தில் எடுக்கப்பட்ட உயர்நிலைப் பள்ளிப் பிட்சர்கள் மூவர்தான்: 1973இல் டேவிட் கிளைட், 1991இல் பிரையன் டெய்லர், 2014இல் பிராடி எய்க்கன். மூவரும் இடக்கையர்கள்; வலக்கைப் பள்ளிப் பிட்சர் ஒருவர்கூட முதலிடத்தில் எடுக்கப்படவில்லை. டெய்லரும் எய்க்கனும் மேஜர் லீக்கை எட்டவே இல்லை. கல்லூரிப் பிட்சர் என்றாலே பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது. 2013இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் முதலிடத்தில் எடுத்த மார்க் அப்பெல் 2022இல்தான் வேறோர் அணிக்காக மேஜர் லீக்கில் ஆடினார். அவருக்கு அடுத்து எடுக்கப்பட்ட பேட்டர் கிரிஸ் பிரையன்ட் 2016இல் தன் லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதை வென்றார்.

பணக் கணக்கைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்து எடுப்பது, அனுபவமுள்ளவர்களும் செய்யும் தவறு. டிராஃப்டில் எடுப்பது ஒன்று, கையெழுத்து வாங்குவது வேறொன்று. வீரர் பட்டியலில் ஒவ்வொருவரும் கேட்கும் தொகை தெரியும். சிலர் அந்த இடத்துக்கு வழக்கமான தொகையே போதும் என்பார்கள், சிலர் கல்லூரிக்குப் போவதில் உறுதியாக இருப்பார்கள். அசல் டிராஃப்டில் 2012 முதல் ஒவ்வோர் அணிக்கும் போனஸ் தொகைக்கு வரம்பு உண்டு. முதல் பத்துச் சுற்றுகளில் எடுத்த ஒருவர் கையெழுத்திடாவிட்டால் அவருக்குரிய தொகையும் அந்த வரம்பிலிருந்து கழிக்கப்படும். 2014இல் ஆஸ்ட்ரோஸுக்கு இதுதான் நேர்ந்தது. மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு எய்க்கனோடு உடன்பாடு முறிந்தது. அவருடைய பங்குத் தொகை வரம்பிலிருந்து போனதால், ஏற்கெனவே பேசி முடித்திருந்த ஜேக்கப் நிக்ஸ் என்ற இன்னொரு பிட்சரின் ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. ஒரு கையெழுத்து நழுவியதில் இரண்டு வீரர்கள் போனார்கள்.

அதே அணி 2012இல் செய்தது இதற்கு நேர்மாறானது, விளையாட்டில் நாம் பின்பற்ற வேண்டியது. முதலிடத்துக்கான மதிப்பு 72 லட்சம் டாலர் அளவில் இருக்க, அந்த இடத்தில் எடுத்த கார்லோஸ் கொரேயாவை 48 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்து, மிச்சப்பட்ட பணத்தின் துணையோடு 41ஆம் இடத்தில் எடுத்த லான்ஸ் மெக்கல்லர்ஸ் ஜூனியருக்கு 25 லட்சம் டாலர் கொடுத்தது. 2017இல் ஆஸ்ட்ரோஸ் மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றபோது இருவரும் அந்த அணியில் இருந்தார்கள். உங்கள் பட்டியலில் ஏறத்தாழச் சமமான இருவர் மேலே இருந்தால், குறைவாகக் கேட்பவரை எடுங்கள். அதிகம் கேட்பதால் மற்ற அணிகள் தொடத் தயங்கும் நல்ல வீரர் ஒருவர் பின்னால் உங்கள் முறைவரை மிஞ்சியிருக்கும் வாய்ப்பு உண்டு.

குணநலன்களையும் காய வாய்ப்பையும் பார்க்காமல் விடக்கூடாது. உழைப்பும் அறிவும் உயர்ந்த நிலையில் உள்ளவர் தன் எதிர்கால மதிப்பெண்ணை நெருங்கும் வாய்ப்பு அதிகம். இதை வைத்து மட்டும் ஒருவரை முதல் சுற்றுக்கு உயர்த்த வேண்டாம். சமமான இருவருக்கிடையே முடிவு செய்ய இது போதும். பள்ளிப் போட்டிகளில் எடுத்த புள்ளிவிவரங்களை நம்பி யாரையும் உயர்த்தவே வேண்டாம்; எதிரணிகளின் தரம் அங்கே மிகவும் ஏற்ற இறக்கமானது.

ஐந்தாறு சுற்றுகள் முடிந்ததும் மீதியைக் கணினியிடம் ஒப்படைத்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பின்னாளில் பெரும் நட்சத்திரமான ஆல்பர்ட் பூஹோல்ஸ் 1999இல் 13ஆம் சுற்றில் எடுக்கப்பட்டவர். 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்ற ஜேக்கப் டிகிராம் 2010இல் 9ஆம் சுற்றில் வந்தவர். கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடிப் பிட்சராக மாறியவர். பின்சுற்றுகளில் முழுமையான வீரரைத் தேடக்கூடாது. ஏதேனும் ஒரு திறன் மிகத் தெளிவாக உயர்ந்து நிற்கும் ஒருவரைத் தேட வேண்டும். எல்லாவற்றிலும் சராசரிக்குச் சற்றுக் கீழே இருப்பவர், மேஜர் லீக்குக்குக் கீழுள்ள மைனர் லீக் அணியின் எண்ணிக்கையை நிரப்புவார், அவ்வளவுதான்.

டிராஃப்ட் முடிந்த பிறகு நடக்கும் தவறு அவசரம். பள்ளியிலிருந்து வந்தவரைக் கீழ்நிலை லீக்கிலேயே தொடங்கவிட வேண்டும். ஒரு மாதம் நன்றாக ஆடினார் என்பதற்காக இரண்டு படி ஏற்றினால், தாங்க முடியாத எதிரணிகளிடம் சிக்கி அவருடைய வளர்ச்சி தேங்கும். அதேபோல் முதல் ஆண்டிலேயே எதிர்கால மதிப்பெண் ஒரு படி இறங்கியது என்று பதறி அவரை விற்றுவிடவும் கூடாது. அந்த இறக்கம் உண்மையான சரிவாகவும் இருக்கலாம், ஸ்கவுட் தன் பழைய மதிப்பீட்டைத் திருத்தியதாகவும் இருக்கலாம். ஸ்கவுட்டின் மதிப்பெண் இறங்கியபோது ஓஎஸ்ஏ மதிப்பீடும் இறங்கியதா என்று பார்த்தாலே பெரும்பாலும் தெளிவு பிறக்கும். ஒவ்வொரு டிராஃப்ட் நாளிலும் முதல் பத்துத் தேர்வுகளுக்கு ஸ்கவுட் தந்த மதிப்பெண்களைத் தனியே குறித்து வையுங்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அதே வீரர்களின் நிலையோடு ஒப்பிட்டால், உங்கள் ஸ்கவுட் பிட்சர்களை எப்போதும் உயர்த்திச் சொல்கிறாரா, பள்ளி வீரர்களில் தடுமாறுகிறாரா என்பது தெரியும். அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்பதை அந்தக் குறிப்பைக் கொண்டு முடிவு செய்யலாம்.