வாரம் ஒரு மணி நேரம்: வசதி குறைந்த வீட்டுக் குழந்தையின் அறிவு வளர்ச்சிக்கு வீட்டுச் சந்திப்பு நடத்துவது எப்படி

வசதியான வீட்டுக் குழந்தைக்கும் கூலி வேலைக்குப் போகும் வீட்டுக் குழந்தைக்கும் உள்ள பேச்சு இடைவெளி ஒன்றரை, இரண்டு வயதிலேயே தெரிய ஆரம்பித்துவிடுகிறது. வருமானக் குறைவு மூளையை நேராகத் தொடுவதில்லை. ரத்தசோகை, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, களைத்து வீடு திரும்பும் அம்மா, கையில் எடுத்துப் பார்க்க ஒன்றுமில்லாத வீடு, பேச ஆளில்லாத மதியம் ஆகிய வழிகளில்தான் வறுமை குழந்தைக்குள் நுழைகிறது. வருமானத்தை உயர்த்துவது களப்பணியாளர் கையில் இல்லை. ஆனால் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய், குழந்தையோடு விளையாடவும் பேசவும் அம்மாவுக்குக் காட்டித் தரும் வீட்டுச் சந்திப்பால் இந்த வழிகளில் சிலவற்றை அடைக்க முடியும்.

முடியும் என்பதற்கு உறுதியான சான்று ஜமைக்காவில் இருக்கிறது. 1986-87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 9 முதல் 24 மாதக் குழந்தைகள் 129 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு, இன்னொன்றுக்கு வாரம் ஒரு மணி நேர வீட்டுச் சந்திப்பு, மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. பால்மாவால் கிடைத்த பலன் சில ஆண்டுகளில் மங்கிவிட்டது. சந்திப்பு கிடைத்த குழந்தைகளோ வளர்ந்து ஆளானபோது, கிடைக்காதவர்களைவிட 25% கூடுதலாகச் சம்பாதித்தார்கள். சந்திப்புக்குப் போனவர்கள் சாதாரண சமூக சுகாதாரப் பணியாளர்கள். கொண்டுபோனவை கழிவுப் பொருளில் செய்த பொம்மைகள்.

சந்திப்பில் நீங்கள் குழந்தைக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. குழந்தையோடு விளையாட வேண்டியது அம்மா. பகலில் பார்த்துக்கொள்பவர் பாட்டி என்றால் பாட்டி. நீங்கள் ஒருமுறை செய்து காட்டிவிட்டுப் பொருளை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். புதிதாக வரும் பணியாளர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். குழந்தை சிரிக்கிறது என்று ஒரு மணி நேரமும் தாங்களே விளையாடிவிடுகிறார்கள். மீதி ஆறு நாளும் வீட்டில் ஒன்றும் நடக்காது.

போனதும் முதலில் அம்மாவின் நலத்தைக் கேளுங்கள். பிறகு, "போன வாரம் கொடுத்ததை வச்சு பாப்பா என்னக்கா பண்ணுச்சு?" என்று கேளுங்கள். "விளையாட்டுக் காட்டினீங்களா?" என்று கேட்டால் அது விசாரணையாகிவிடும்; அடுத்த வாரம் கதவு பூட்டியிருக்கும். அம்மா சரியாகச் செய்த ஒன்றைப் பெயர் சொல்லிப் பாராட்டிய பிறகே புதியதைக் காட்டுங்கள். பழைய பொம்மையை வாங்கிக்கொண்டு வேறொன்றை விட்டுவாருங்கள். மாற்றாமல் விட்டால் அதே பொம்மை சலித்து மூலைக்குப் போய்விடும்.

பேச்சுதான் இதில் முக்கியம். 1995இல் அமெரிக்காவின் கன்சாஸ் ஆய்விலிருந்து வந்த 'மூன்று கோடிச் சொல் இடைவெளி' என்ற கணக்கு பிரபலம்: நான்கு வயதுக்குள் வசதியான வீட்டுக் குழந்தையைவிட ஏழை வீட்டுக் குழந்தை அவ்வளவு சொற்களைக் குறைவாகக் கேட்கிறது என்பது அது. அந்தக் கணக்கு வெறும் 42 குடும்பங்களை வைத்துப் போட்டது, பின்னர் கடுமையாக மறுக்கப்பட்டது. சொல்லை எண்ண வேண்டாம். மாறிமாறிப் பேசுவது எத்தனை முறை நடக்கிறது என்று பாருங்கள். குழந்தை கை நீட்டி "கா" என்றால், "ஆமா, காக்கா. கறுப்புக் காக்கா. என்ன பண்ணுது?" என்று கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பதுதான் எல்லோருக்கும் கஷ்டம். இதற்குத் தனி நேரம் தேவையில்லை. குளிப்பாட்டும்போது, கீரை ஆயும்போது, சோறூட்டும்போது போதும். வேலைக்குப் போகும் அம்மாவிடம் "தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க" என்பது கொடுமை.

கொண்டுபோகும் பொம்மைகளை நீங்களே கழிவுப் பொருளில் செய்யலாம். கிலுகிலுப்பைக்கு அரை லிட்டர் காலித் தண்ணீர் பாட்டில், அதில் கால் பாகம் புளியங்கொட்டை. மூடியைப் பசையிட்டு இறுக்கி, மேலே டேப் சுற்றி, பலமாக இழுத்துப் பாருங்கள். 3 செ.மீ. அகலக் குழாய்க்குள் நுழையும் எந்தப் பொருளும் மூன்று வயதுவரை தொண்டையில் அடைக்கும் பொருள்தான். அடுக்கி விளையாடும் கட்டைகளுக்குச் சோப்பு அட்டைப்பெட்டிக்குள் செய்தித்தாளை இறுக்கித் திணித்து ஒட்டினால் நன்றாக நிற்கும். தீப்பெட்டி வேண்டாம், உரசும் பக்கத்து மருந்தைக் குழந்தை நக்கும். ஒன்றரை வயதுக்குப் பிஸ்கட் பெட்டிப் படத்தை நேர்கோட்டில் இரண்டாக வெட்டிப் பொருத்தச் சொல்லுங்கள். அது கைவந்த பிறகு நான்காக வெட்டலாம். படப் புத்தகத்தை நூலால் தையுங்கள், ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள். மைதாப் பசையால் ஒட்டினால் கரப்பான் அரித்துவிடும்.

உடம்பு சோர்ந்திருந்தால் விளையாட்டும் பேச்சும் ஏறாது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 57% பேருக்கு ரத்தசோகை இருந்தது. இந்த வயதுக்கு அரசு தரும் இரும்புச்சத்து சிரப் வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 1 மில்லி; அதில் 20 மி.கி. இரும்பு. சாப்பிட்ட பிறகு கொடுக்க வேண்டும், பாலோடு அல்ல. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து பல வீடுகளில் நிறுத்திவிடுகிறார்கள். அது இயல்பு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ள நாட்களில் மட்டும் தள்ளிப்போடலாம். சாப்பாட்டோடு டீ கொடுப்பது இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். உப்பு அயோடின் உப்புதானா, டப்பாவில் மூடி வைக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள். வீட்டில் யாராவது பழைய பேட்டரி உடைக்கும் வேலைக்குப் போகிறார் என்றால், குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்கச் சொல்லுங்கள். துணியில் ஒட்டி வரும் ஈயம் மூளையைக் கெடுக்கும்.

அம்மா கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, முகம் கொடுக்காமல் பல வாரம் இருந்தால் அதை அக்கறையின்மை என்று எழுதிவிடாதீர்கள். மனச்சோர்வாக இருக்கலாம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். குழந்தை 12 மாதத்தில் 'பாபா, தாத்தா' என்று மழலையே பேசவில்லை, 18 மாதத்தில் பொருள் தெரிந்து ஒரு சொல்கூடச் சொல்லவில்லை என்றால் வறுமைமேல் பழி போட்டுக் காத்திருக்கக் கூடாது. முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்க அனுப்புங்கள்.