தூக்கத்தில் கைவைக்காமல் சைக்கிள் மிதிக்க

வாரத்துக்கு 168 மணி நேரம். நாளைக்கு ஏழு மணி நேரத் தூக்கம் என்றால் 49. ஆறு நாள் வேலை, நாளுக்கு ஒன்பது மணி நேரம் என்றால் 54. போக வர 6. குளியல், சமையல், பிள்ளைகள், கடை கண்ணி என்று நாளுக்கு ஐந்து வைத்தால் 35. காகிதத்தில் 24 மணி நேரம் மிச்சம் காட்டும். ஆனால் அது சில்லறையாகச் சிதறிக் கிடக்கும். பஸ்ஸுக்கு நிற்பதில் கால் மணி, போனைத் தடவுவதில் அரை மணி. மொத்தமாக ஒரு மணி நேரம் வேண்டுமென்றால் பெரும்பாலோர் கைவைப்பது தூக்கத்தில்தான். விடிகாலை நாலரைக்கு அலாரம் வைத்து, இரண்டு வாரம் மிதித்துவிட்டு, மூன்றாவது வாரம் சளியோ முட்டிவலியோ வந்து சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போய்விடும். ஆறு மணி நேரம்கூடத் தூங்காதவர் விடியலில் எழுந்து மிதிப்பதைவிட, படுத்துத் தூங்குவதே நல்லது.

அந்த நேரத்தை வேறெங்கிருந்து எடுப்பது? வேலைக்குப் போகும் வழியிலிருந்து. கடலூரில் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிப்காட் தொழிற்பேட்டை, புதுச்சேரியில் முதலியார்பேட்டையிலிருந்து தட்டாஞ்சாவடி, லாஸ்பேட்டையிலிருந்து ஜிப்மர் எல்லாமே பத்து கிலோமீட்டருக்குள் அடங்கும் தூரங்கள். ஏழு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கூட்டரில் 15 நிமிடம், நிதானமான சைக்கிளில் 25 நிமிடம். ஒரு வழிக்குப் பத்து நிமிடம் கூடுதல், அவ்வளவுதான். இருவழியும் சேர்த்து நாளுக்கு 20 நிமிடம் கொடுத்தால் 50 நிமிட மிதிப்பு கிடைக்கிறது. ஐந்து நாளில் 250 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு போதும் என்கிறது. பஸ்ஸில் போகிறவருக்கு இந்தப் பத்து நிமிடக் கூடுதலும் இருக்காது.

ஐந்து நாளும் முடியாது என்றால் மூன்று நாள் போதும். திங்கட்கிழமை வண்டியிலோ பஸ்ஸிலோ போய் மூன்று சட்டை, ஒரு துண்டு, ஒரு ஜோடி செருப்பு வைத்துவிட்டு, செவ்வாய், புதன், வியாழன் சைக்கிளில் போகலாம். வெள்ளிக்கிழமை அழுக்குத் துணியோடு பஸ்ஸில் திரும்பலாம்.

வியர்வை

இதற்குப் பயந்துதான் பாதிப்பேர் வேலைக்குச் சைக்கிள் எடுப்பதில்லை. நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. வெயில் இல்லாத நாளிலும் சட்டை முதுகில் ஒட்டும். மிதிப்பதை நிறுத்திய பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் வியர்த்துக்கொண்டே இருக்கும். சைக்கிளை நிறுத்திய கையோடு யூனிஃபார்ம் மாட்டினால் அது நனைந்து நாள் முழுக்க நாறும்.

அதனால் கடைசி இரண்டு கிலோமீட்டரை லேசான கியரில், கால் சும்மா சுற்றும் அளவுக்கு மட்டும் மிதியுங்கள். போனதும் பனியனோடு ஃபேனுக்குக் கீழே பத்து நிமிடம். பிறகு ஈரத்துண்டால் கழுத்து, அக்குள், முதுகு துடைத்துக் காயவிட்டு, அப்புறம் சட்டை. முதுகில் மாட்டும் பை வேண்டாம். கேரியரின் பக்கவாட்டில் தொங்கும் பை வாங்குங்கள். அது இல்லையென்றால் கேரியரில் ரப்பர் கயிறு போட்டுக் கட்டினாலும் சரி. முதுகு காற்று வாங்கினாலே பாதி வியர்வை குறையும்.

எந்த ஷிப்டுக்கு எப்போது

காலை ஷிப்டு, ஆறிலிருந்து இரண்டு: போகும்போது பிரச்சினை இல்லை. திரும்பும் இரண்டு மணிதான் கொடுமை. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை, முக்கியமாகக் கத்திரியில், இரண்டு மணி வெயிலில் மிதிக்காதீர்கள். அந்த மாதங்களில் பஸ்ஸில் போய் வந்து, சாப்பிட்டு, அரை மணி கண்ணயர்ந்து, ஐந்து மணிக்கு மேல் 40 நிமிடம் சுற்றி வருவது மேல்.

மதிய ஷிப்டு, இரண்டிலிருந்து பத்து: சைக்கிளுக்கு இதுதான் தோதானது. பதினொன்றரைக்குப் படுத்து ஆறரைக்கு எழுந்தால் தூக்கம் முழுசு, காலை ஏழிலிருந்து எட்டு வரை சாலை உங்களுடையது. கடினமான மிதிப்பை வைத்துக்கொள்வதென்றால் இந்த வாரத்தில் வையுங்கள்.

இரவு ஷிப்டில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். காலை ஆறு மணிக்கு வெளியே வந்ததும் காற்று ஜில்லென்று இருக்கும், ‘இப்படியே தேவனாம்பட்டினம் கடற்கரை வரை ஒரு சுற்றுப் போய்விட்டுப் படுக்கலாம்’ என்று தோன்றும். செய்யாதீர்கள். ராத்திரி முழுக்க விழித்த கண்ணுக்கு எதிரே வரும் பஸ்ஸின் வேகம் சரியாகப் பிடிபடாது. போதாக்குறைக்கு, காலை வெளிச்சமும் சூடேறிய உடம்பும் சேர்ந்து மூளையை ‘பொழுது விடிந்துவிட்டது, எழுந்திரு’ என்று உசுப்பிவிடும். படுத்தால் தூக்கம் பிடிக்காது. நேரே வீடு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மெதுவாக. வழியில் ஒருமுறை கண் சொருகினாலும் இறங்கிவிடுங்கள். சைக்கிளை நம்பகமான டீக்கடையில் விட்டுவிட்டு பஸ் ஏறலாம். ஏழரைக்குப் படுத்து இரண்டரைக்கு எழுந்து, சாப்பாடு செரித்து, நாலே முக்காலுக்கு மேல் 40 நிமிடம் மிதிக்கலாம். ஷிப்டு மாறும் முதல் நாள் சைக்கிளுக்கு லீவு.

அமெரிக்கக் கிளையன்ட்டோடு ராத்திரி பன்னிரண்டு வரை போன் கால் பேசுகிற ஐடிக்காரர்களுக்கும் இதே கதைதான். விடியற்காலைக் குழுவில் சேர்ந்து மானத்துக்காக எழுந்து போவதைவிட, வேலை தொடங்கும் முன் மாலை ஐந்திலிருந்து ஆறு நல்ல நேரம். கால் முடிந்த கையோடு ராத்திரியில் வேகமாக மிதித்தால் இதயம் அடங்கித் தூக்கம் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம்.

எவ்வளவு வேகம்

மேனேஜர் போன் வந்தாலும் உடம்பு ஒரே விதமாகத்தான் படபடக்கிறது, மேடு ஏறினாலும் அப்படித்தான். இரண்டிலும் அதே ஹார்மோன்கள் சுரக்கின்றன, அதே இதயம் ஓடுகிறது. வேலை நெருக்குகிற வாரத்தில் சைக்கிளிலும் மூச்சிரைக்க ஓட்டினால் கணக்கு ஒரே புத்தகத்தில் ஏறும். மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, ஆடிட், பிளான்ட் ஷட்டவுன் போன்ற நாட்களில் கடின மிதிப்பை முழுசாக வெட்டிவிட்டு, 20 நிமிடம் லேசாக, வாரம் மூன்று முறை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க நிறுத்திவிட்டால் திரும்பத் தொடங்குவது பெரும்பாடு.

லேசாக என்றால் எவ்வளவு? ‘நாளைக்கு சாயங்காலம் ரேஷன் கடைக்குப் போகணும், கார்டை எடுத்து வை’ என்று ஒரே மூச்சில் சொல்ல முடிய வேண்டும். ‘ரேஷன் கடைக்கு’ என்ற இடத்திலேயே மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். வலது முட்டி மேலே வருவதை 15 விநாடிக்கு எண்ணுங்கள். 19 முதல் 21 வந்தால் சரி. 15க்குக் கீழே இருந்தால் கனமான கியரில் இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் முட்டிக்கு அது ஆகாது.

காலையில் எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்கும் முன், மணிக்கட்டில் நாடியை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கிக் காலண்டரில் எழுதி வையுங்கள். வழக்கமாக 64 வருபவருக்கு 72 வந்தால் அன்றைக்கு லேசான மிதிப்பு மட்டும். இரண்டு நாள் தொடர்ந்து அப்படி வந்தால் ஓய்வு. ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் நல்லது, ஆனால் அதற்காக ஒன்று வாங்க வேண்டாம்.

கடினமான மிதிப்பு வாரத்துக்கு ஒன்றே போதும். நம் பக்கம் சமதரை என்று அலுத்துக்கொள்பவர்களுக்குக் கடலூரில் கேப்பர் மலை இருக்கிறது, புதுச்சேரியில் கோரிமேடும் ஆரோவில் ஏற்றமும் இருக்கின்றன. பத்து நிமிடம் சூடேற்றிவிட்டு, மூன்று நிமிடம் பலமாக, மூன்று நிமிடம் சும்மா என்று நாலு முறை. சுற்றிப் பார்க்க விருப்பமென்றால் ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் போய் வரலாம். புதுச்சேரி கடற்கரைச் சாலை நடக்கிறவர்களுடையது. அங்கே வேகமெடுக்க முயல்வது வம்பு.

காற்றையும் கணக்கில் எடுங்கள். விடியலில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும், மதியத்துக்கு மேல் கடலிலிருந்து வீசும். கோடையில் மாலைக் காற்று தென்கிழக்கிலிருந்து வரும் என்பதால் கடலூரிலிருந்து புதுச்சேரி பக்கம் போவது சுகம், திரும்புவது தண்டனை. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று, அப்படியே தலைகீழ். எதிர்காற்றில் கிளம்பி, பின்காற்றில் வீடு திரும்பும்படி வழியைப் போடுங்கள். களைத்த காலுக்கு நோணாங்குப்பம் பாலத்தின் மேல் எதிர்காற்று வேண்டவே வேண்டாம்.

ஒரு மணி நேரத்துக்குள் என்றால் தண்ணீர் போதும், அரை முதல் முக்கால் லிட்டர். அதற்கு மேல் போனால் உப்புப் போட்ட மோர், அல்லது ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைக் குடிக்கக் கூடாது.

சீட்டு உயரம்

வலிகளில் பெரும்பங்கு இங்கிருந்துதான். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே இறக்கி, குதிகாலை அதன்மேல் வையுங்கள். முட்டி அப்போதுதான் நேராக நிமிர வேண்டும். மிதிக்கும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் முட்டி லேசாக மடங்கி இருக்கும். முட்டிக்கு முன்னால் வலித்தால் சீட்டு தாழ்வு, பின்னால் வலித்தால் உயரம். ஒரே தடவையில் அரை சென்டிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள். உள்ளங்கை மரத்தால் சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா பாருங்கள். உடம்பு முன்னால் வழுக்கிப் பாரமெல்லாம் கையில் இறங்கியிருக்கும்.

உப்புக்காற்றும் செயினும்

கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் குடியிருந்தால், எண்ணெய் காணாத செயின் பத்து நாளில் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். வாரம் ஒருமுறை, ஐந்து நிமிட வேலை. பழைய பனியன் துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றி அழுக்கைத் துடையுங்கள். பிறகு ஒவ்வொரு உருளை மேலும் ஒரு சொட்டு செயின் ஆயில். பத்துச் சுற்று சுற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டு, வெளியே தெரியும் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுங்கள். வெளியே மினுக்கும் எண்ணெய் மணலைப் பிடித்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். தேங்காய் எண்ணெய் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை, ஆனால் நாலு நாளில் காணாமல் போகும். வாராவாரம் மண்ணெண்ணெயில் கழுவுவதும் தவறு, உள்ளே இருக்கும் எண்ணெயும் சேர்ந்து போய்விடும்.

செயின் தேய்ந்ததா என்று இரும்பு ஸ்கேலால் பார்க்கலாம். ஒரு ஆணியின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால் 12 அங்குலத்தில் இன்னொரு ஆணி சரியாக நிற்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயின் மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு என்றால் பின்சக்கரப் பல்லையும் சேர்த்து மாற்றும் செலவு.

சீட்டுக் கம்பியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து கிரீஸ் தடவி வையுங்கள். இரும்பு பிரேமுக்குள் அலுமினியக் கம்பி உப்பு ஈரத்தோடு கிடந்தால் இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும்; அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பஞ்சர்

ஷிப்டுக்குப் போகிறவர் பேட்ச் போட உட்காரக் கூடாது. பஞ்ச் அடிக்க நேரமாகிவிடும். ஒரு டியூப், இரண்டு டயர் லிவர், கைப்பம்ப், சக்கர நட்டுக்கு ஸ்பேனர் வைத்திருங்கள். பழகினால் பத்து நிமிடம்தான். பழைய டியூபைக் கழற்றியதும் புதியதை மாட்டிவிடாதீர்கள். ஏரிக்கரைச் சாலைகளில் பெரும்பாலும் சீமைக் கருவேல முள்தான் ஏறும். நுனி டயருக்குள் முறிந்து நின்று புதுடியூபையும் குத்தும். விரலை விட்டுத் தடவினால் விரலில் ஏறும். கைக்குட்டையால் டயரின் உள்பக்கத்தைச் சுற்றித் துடையுங்கள், நூல் சிக்குகிற இடத்தில் முள் இருக்கும். டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் அது முள் இல்லை. காற்று குறைந்து, பள்ளத்தில் ரிம் கடித்தது. 32 மில்லிமீட்டர் டயருக்கு, 70 கிலோ ஆளுக்கு, பின்னால் 65, முன்னால் 55 பிஎஸ்ஐ வைத்துப் பாருங்கள். டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம். பழைய 28 அங்குல சைக்கிளில் தினமும் காற்று இறங்கினால் முதலில் வால்டியூபை (காற்றடிக்கும் வால்வில் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர் குழாய்) மாற்றுங்கள். பல சமயம் பஞ்சரே இருக்காது.

ராத்திரி பத்துக்கு மேல் வீடு திரும்புகிறவர் பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் கிளம்பக் கூடாது. சிப்காட் பக்கம் டேங்கர் லாரி ஓட்டுபவருக்கு நீங்கள் தெரிவதே அதனால்தான். விளக்கைச் சீட்டுக்குக் கீழே மாட்டினால் கேரியர் பை மறைக்கும். கேரியரின் பின்முனையில் மாட்டுங்கள்.

மழைக்காலத்தில்

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மட்கார்டு இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. ரிம் நனைந்தால் பிரேக் கட்டை முதல் ஓரிரு சுற்றுக்குப் பிடிக்காது. முன்கூட்டியே லேசாக அழுத்தித் தண்ணீரை வழித்துவிட்டு, அப்புறம் முழுசாகப் பிடியுங்கள். தேங்கிய தண்ணீருக்குள் கால்வாய் திறந்து கிடக்கிறதா என்பது தெரியாது. பெடல் நனையும் ஆழம் என்றால் இறங்கித் திரும்புங்கள். 2024 ஃபெஞ்சல் மாதிரி புயல் வந்து சைக்கிள் வெள்ளத்தில் நின்றுவிட்டால் வெளியே கழுவினால் போதாது. கடையில் ஓவராயில் பண்ணச் சொல்லி, சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கிரீஸ் பால்காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அதைத் துடைத்துவிட்டு, குண்டுகளையும் மாற்றிப் புது கிரீஸ் வைத்தால்தான் சக்கரம் அடுத்த மழை வரை தாங்கும்.