புது ரூலுக்கு அப்புறம் எந்த மான்ஸ்டரை முதலில் பிரித்துப் பார்ப்பது?

பகடை உருட்டிக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் மான்ஸ்டர் புத்தகமான மான்ஸ்டர் மேனுவலின் புதுப் பதிப்பு 2025 பிப்ரவரியில் வந்தது, உள்ளே 500-க்கும் மேல் மான்ஸ்டர்கள். முதல் பக்கத்திலிருந்து வரிசையாக 2014 பதிப்போடு ஒப்பிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். இரண்டு தட்டு தட்டுவடை செட் தீர்ந்தது, ‘ஏ’ எழுத்து தீரவில்லை.

டிராகனில் ஆரம்பிக்காதீர்கள். எல்லோருக்கும் அங்கேதான் கை போகும். பார்ட்டி (விளையாடுபவர்களின் குழு) லெவல் 3-ல் நிற்கும்போது ஏன்சியன்ட் ரெட் டிராகனை அலசி என்ன ஆகப்போகிறது? சாகாத மந்திரவாதியான லிச்சும் அப்படித்தான், 135 ஆக இருந்த ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) 315 ஆகிவிட்டது, சரி, தெரிந்துகொண்டாயிற்று, பக்கத்தைத் திருப்புங்கள்.

உங்கள் செஷன் நோட்டை எடுங்கள். எங்கள் கேம்பெய்ன் (தொடர்கதை) சேர்வராயன் மலையில் நடக்கிறது. ஏற்காடு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வளைவுக்கு ஒரு வம்பு, கடைசியில் கரடி குகைதான் டன்ஜன். அடுத்த மூன்று செஷனில் யார் வரப்போகிறார்கள் என்று வட்டம் போட்டேன்: ஓநாய், காப்ளின் (குட்டிப் பூதம்), வேர்உல்ஃப் (ஓநாய் மனிதன்), டிரால் (ராட்சதன்). நான்கே நான்கு. ஆனால் நான்கும் நான்கு விதமாக மாறியிருக்கின்றன, பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஓநாயை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு கடித்தால் ஸ்ட்ரெங்த் சேவிங் த்ரோ (விழாமல் தப்பிக்க உருட்டும் பகடை) உண்டு, 11 வந்தால் நின்றுவிடலாம். இப்போது கடி பட்டாலே ஆள் கீழே, உருட்ட எதுவும் இல்லை. விழுந்தவனைப் பக்கத்தில் நின்று அடிக்கிற எல்லோருக்கும் அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது) வேறு. ஒன்பதாம் வளைவில் நான்கு ஓநாய்களை விட்டுப் பார்த்தேன், எங்கள் விசார்டு முதல் ரவுண்டில் விழுந்தவர் எழவே இல்லை. உருட்டாமலே விழவைக்கும் இந்தப் பழக்கம் வேறு பல மான்ஸ்டர்களுக்கும் வந்திருக்கிறது, அதனால் ஒரு ஓநாயை ஒழுங்காகப் படித்தால் ஒரு கூட்டமே புரிந்துவிடும்.

காப்ளினில் எண்களைவிட இனத்தைப் பாருங்கள். அது இப்போது ஹியூமனாய்டு (மனித வகை) இல்லை, ஃபே (மாயலோக வகை). கோபோல்டு டிராகன் ஆகிவிட்டது, நோல் ஃபீன்டு. அதனால் என்ன என்கிறீர்களா? ஹியூமனாய்டு மேல் மட்டுமே பலிக்கும் ஹோல்ட் பர்சன், சார்ம் பர்சன் ஸ்பெல்கள் இரண்டும் இவர்கள் மேல் செல்லாது! அந்த ஸ்பெல்லை நம்பி ஒருவர் உங்கள் மேசையில் இருந்தால் விளையாட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள், நடுவில் சொன்னால் சண்டை.

வேர்உல்ஃப் எங்களுக்கு ஒரு சோகக் கதை. சாதாரண ஆயுதம் அதன்மேல் படாது, வெள்ளி வேண்டும் என்பது பழைய ரூல். சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் பக்கத்திலேயே வளர்ந்த நண்பர் நான்கு செஷனாகத் தங்கம் சேர்த்துக் கத்திக்கு வெள்ளி பூசி வைத்திருந்தார், புது ரூலில் எந்தக் கத்தியும் படும். மந்திரமில்லாத ஆயுதத்துக்கு இருந்த அந்தத் தடையைப் பொதுவாகவே எடுத்துவிட்டார்கள், ஆகவே இந்த ரகத்தில் ஒன்றைப் பார்த்தால் போதும். (பாவம், அவருக்காக மட்டும் பழைய ரூலையே வைத்திருக்கிறேன்.)

டிராலுக்கு, வெட்டுப்பட்ட கை தனியாக எழுந்து வருவது முன்பு விருப்பப்பட்டால் சேர்க்கிற ரூல், இப்போது ஸ்டாட் பிளாக்கிலேயே (மான்ஸ்டரின் எண்களும் திறன்களும் உள்ள கட்டம்) இருக்கிறது. மேசையில் அதற்கும் ஒரு மினியேச்சர் எடுத்து வையுங்கள், நாங்கள் புளியங்கொட்டை வைக்கிறோம்.

ஆர்க்கைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அதற்கென்று ஸ்டாட் பிளாக்கே கிடையாது.

ஒப்பிடக் காசு செலவழிக்க வேண்டாம். எஸ்ஆர்டி என்ற அடிப்படை ரூல் தொகுப்பில் 5.1 பழையது, 5.2 புதியது, இரண்டும் இலவசம், மேலே சொன்ன நான்கும் இரண்டிலும் உண்டு, பிஹோல்டர்தான் இருக்காது. அதே பார்ட்டி, அதே இடம், பழைய ஸ்டாட்டில் மூன்று ரவுண்டு, புதியதில் மூன்று ரவுண்டு உருட்டி, யார் விழுந்தார், எத்தனை ஸ்பெல் தீர்ந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நான் செய்து பார்த்துவிட்டு ஒன்பதாம் வளைவில் நான்கு ஓநாய்களை இரண்டாகக் குறைத்தேன்.