குழந்தைக் காசநோய் ஆய்வு: எல்லாக் குழந்தைகளையும் ஒரே அளவுகோலில் வகைப்படுத்துவது எப்படி?

பெரியவர்களின் சளியில் பல நேரம் காசநோய்க் கிருமியே சிக்கிவிடும். சிறு குழந்தைகளிடம் அது அரிது. அவர்களுக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, கிருமிகளும் குறைவு. அதனால் மருத்துவர் பலவற்றையும் சேர்த்துப் பார்த்துச் சிகிச்சையை முடிவு செய்கிறார். ஆய்வுக்கு இது போதாது. ஓர் இடத்தில் 'நோய் உண்டு' என்று எண்ணப்படும் குழந்தை இன்னோர் இடத்தில் 'இல்லை' என்று எண்ணப்பட்டால், புதிய பரிசோதனை எதையும் நம்பி மதிப்பிட முடியாது. இதற்காக நிபுணர் குழு ஒன்று 2012இல் வரையறைகளை வெளியிட்டது; 2015இல் அவற்றை எளிமையாக்கினார்கள். புதிதாக ஆய்வு தொடங்குபவர்கள் 2015 வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இது நெஞ்சுக்குள் வரும் காசநோய்க்கு மட்டும்.

படி 1. யாரைச் சேர்ப்பது என்று முதல் குழந்தை வருவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் விடாத இருமல், ஒரு வாரத்துக்கு மேல் காரணம் தெரியாத காய்ச்சல், எடை குறைவது அல்லது ஏறாமல் நிற்பது, விளையாடாமல் சோர்ந்து கிடப்பது ஆகியவை முக்கிய அறிகுறிகள்.

படி 2. உப்புநீர் ஆவியை மூச்சில் இழுக்க வைத்துத் தூண்டி எடுத்த சளி அல்லது (குழந்தை விழுங்கிய சளி கலந்திருக்கும்) இரைப்பை நீர், முடிந்தால் இரண்டு மாதிரிகள். கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது), ஜீன்எக்ஸ்பெர்ட் (கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும் பரிசோதனை) இரண்டுக்கும் அனுப்புங்கள். திரவக் கல்ச்சரில் ஆறு வாரம் காத்திருந்த பிறகே 'வளரவில்லை' என்று எழுதலாம்.

படி 3. எக்ஸ்ரேயை இருவர் தனித்தனியாக, குழந்தையின் மற்ற விவரம் தெரியாமல் பார்க்கட்டும். கருத்து மாறினால் மூன்றாமவர். காசநோயாளியோடு நெருங்கிப் பழகியதுண்டா என்று கேளுங்கள். மாண்டூ ஊசி (காசநோய்த் தொற்று உண்டா என்று காட்டும் தோல் பரிசோதனை) போட்ட இடத்தை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அளக்க வேண்டும், சிவப்பை அல்ல, தடிப்பை. 10 மி.மீ. இருந்தால் பாசிட்டிவ், ஹெச்.ஐ.வி. அல்லது கடும் ஊட்டச்சத்துக் குறைவு இருந்தால் 5 மி.மீ. போதும்.

படி 4. இரண்டு மாதம் கழித்து எல்லோரையும் மறுபடி பாருங்கள், சிகிச்சை பெறாதவர்களையும்தான். காசநோய் மருந்தே இல்லாமல் தேறிய குழந்தை உங்களுக்கு மிக முக்கியமான தகவல்.

படி 5. சரி, இப்போது வகைப்படுத்தலாம். மாதிரியில் கிருமி தெரிந்தால் 'உறுதியானது'. தெரியாவிட்டால் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: அறிகுறி, எக்ஸ்ரே, நோயாளியுடன் தொடர்பு அல்லது தொற்றுக்கான சான்று (மாண்டூ பாசிட்டிவ் போல), சிகிச்சையில் முன்னேற்றம். இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால் 'உறுதியாகாதது', இல்லையென்றால் 'வாய்ப்புக் குறைவு'.

ஆரம்பநிலை ஆய்வுகள் பெரும்பாலும் கெடுவது இங்கேதான் என்பது என் கருத்து: எந்தப் பரிசோதனையை மதிப்பிடுகிறோமோ, அதன் முடிவே வகைப்படுத்தலுக்குள் நுழைந்துவிடும். அப்படி நுழைந்தால் பரிசோதனை தன்னையே சரி என்று சொல்லிக்கொள்ளும். வகைப்படுத்துபவர் கண்ணில் அந்த முடிவு படவே கூடாது.

அப்புறம், 'உறுதியாகாத' குழந்தைகளைக் கணக்கிலிருந்து நீக்காதீர்கள். பல ஆய்வுகளில் அவர்கள்தான் பெரிய கூட்டம். அவர்களுக்கான முடிவுகளைத் தனி வரிசையில் காட்டுங்கள்.